நீல டப்பாவும் வெள்ளை டப்பாவும்

போன மாதம் எங்கள் பழைய ஆய்வு நிலையத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். புதிதாக வேலையில் சேர்ந்தவர்களுக்காக ஒரு மலர் போடுகிறார்களாம், என் கள அனுபவத்தை எழுதித் தரவேண்டுமாம். ‘எழுத என்னம்மா இருக்கிறது? வருஷக்கணக்காக ஊரார் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினேன், காற்றடித்தேன், காற்றை இறக்கினேன், ரிட்டையர் ஆனேன்’ என்றேன். அவள் விடவில்லை. பேச்சுவாக்கில், இப்போது மாத்திரை டப்பாவின் மூடியிலேயே ஒரு எலக்ட்ரானிக் சில்லு வைத்துவிட்டார்கள், நோயாளி மூடியைத் திறந்தால் ஆபீஸ் கம்ப்யூட்டரில் தெரிந்துவிடும் என்று பெருமையாகச் சொன்னாள்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “மூடி தொறந்தது தெரியும் கண்ணு. மாத்திரை யார் வாயில போச்சுன்னு தெரியுமா?” என்று கேட்டேன். அவள், “யார் வாயில மேடம் போகும்? அவங்க வாயிலதானே?” என்றாள். அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு ஊர் அனுப்பம்பட்டு. நர்ஸிங் படித்துவிட்டு ஒரு தனியார் மருத்துவமனையில் இரண்டு முதலாளிகளிடம் மாறி மாறித் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். இதய நோய், இரத்தக் கொதிப்பு பற்றிய ஆய்வுக்குக் களப் பணியாளர் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. பழவேற்காடு பக்கத்துக் குப்பங்களில் வேலை என்றதும் மற்றவர்கள் வெயிலையும் கருவாட்டு வாசனையையும் நினைத்து ஓடிவிட்டார்கள். நான் மீனை நினைத்துச் சேர்ந்துவிட்டேன். பயிற்சி என்று சொல்லி ஒரு மாதம் போட்டு வறுத்தார்கள். அதில் பாதி, காதில் குழாயை மாட்டிக்கொண்டு ‘டப் டப்’ சத்தம் எங்கே தொடங்குகிறது, எங்கே நிற்கிறது என்று கேட்டுப் பழகுவது. மீதிப் பாதி, எங்கள் பெரியவர் டாக்டர் சபேசனைப் பார்த்துப் பயப்படாமல் இருக்கப் பழகுவது.

சபேசன் சார் குரலை உயர்த்தி நான் கேட்டதே கிடையாது. அவருக்குக் கோபம் ஏற ஏற மரியாதை ஏறும். சந்தோஷமாக இருந்தால் ‘கோமளா’. கொஞ்சம் எரிச்சல் என்றால் ‘கோமளா அம்மா’. அதற்கு மேலே போனால் ‘தாங்கள்’. ‘தாங்கள் சாப்பிட்டீர்களா?’ என்று அவர் கேட்டால், அன்றைக்குச் சோறு இறங்காது. ஒரு டிரைவரைப் பார்த்து ‘தாங்கள் சௌக்கியமா?’ என்று கேட்டார். அந்த மனுஷன் மறுநாளிலிருந்து வேலைக்கே வரவில்லை.

இரத்த அழுத்தம் பார்ப்பதில் அவருக்கென்று ஒரு சாஸ்திரம் உண்டு. ஆள் முதலில் ஒன்றுக்குப் போய்விட்டு வரவேண்டும். அரை மணி நேரம் டீ, பீடி கூடாது. முதுகு நாற்காலியில் சாய வேண்டும், இரண்டு பாதமும் தரையில் பட வேண்டும், கால்மேல் கால் போடக் கூடாது. கை மேஜை மேல் இதயத்தின் மட்டத்துக்கு இருக்க வேண்டும். அப்படியே ஐந்து நிமிஷம் வாயைத் திறக்காமல் உட்கார வேண்டும். பிறகு மூன்று தடவை பார்த்து, முதல் அளவைத் தள்ளிவிட்டு மற்ற இரண்டின் சராசரியை எழுத வேண்டும். அப்போது பாதரசக் கருவிதான். பாதரசம் நிதானமாக இறங்க வேண்டும், தொப்பென்று விழக் கூடாது. யாராவது நூற்று நாற்பது, நூற்று ஐம்பது என்று எழுதிக்கொண்டே போனால் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பார். “ஊர்ல எல்லாரும் பத்துப் பத்தாவா பொறந்திருக்காங்க கோமளா அம்மா? மனுஷக் கண்ணுக்குப் பூஜ்யத்து மேல ஒரு ஆசை. அந்த ஆசைய வீட்ல வெச்சுட்டு வாங்க” என்பார்.

இந்த சாஸ்திரத்தை நான் கோட்டைக்குப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பத்தில் நடத்த வேண்டியிருந்தது. பேர் வேண்டாம், அவர்கள் சண்டைக்கு வருவார்கள். முதுகு சாய்வார்கள், பாதம் வைப்பார்கள், பீடியைக்கூட அணைப்பார்கள். ஆனால் ஐந்து நிமிஷம் பேசாமல் இருப்பது மட்டும் அந்த ஊரில் ஒருத்தருக்கும் முடியாது. கடல் இரைச்சலுக்கும் மோட்டார் சத்தத்துக்கும் மேலே பேசிப் பழகிய ஜனம். ரகசியம் பேசினாலே பக்கத்துக் குப்பத்துக்குக் கேட்கும். அதிலும் எல்லம்மா என்று ஒருத்தி, நண்டு விற்கிறவள், வரதன் என்பவருடைய சம்சாரம். அவள் கையில் நான் பட்டையைச் சுற்றுவதற்குள் மூன்று குடும்பத்துக் கதை முடிந்திருக்கும்.

“எல்லம்மா, வாய மூடு.”

“வாய மூடிக்கினு குந்துனா எனக்கு மூச்சு முட்டுதும்மா. அதுலயே பிரஷரு ஏறிக்கும். அப்பால என்னியச் சொல்லாத.”

எனக்குப் ‘பிரஷரம்மா’ என்று பேர் வைத்தவளும் அவள்தான். நான் பஸ்ஸிலிருந்து இறங்கினால், “பிரஷரம்மா வந்துட்ச்சு, ஒண்ணுக்குப் போவாதவன்லாம் போய்ட்டு வாங்கடா!” என்று கரை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவாள். எனக்கு மானம் போகும்.

வரதன் அவளுக்கு நேர் எதிர். பழவேற்காட்டு உப்பு ஏரியில் கழி நட்டுச் சுத்து வலை போட்டு இறால் பிடிக்கிறவர். ரொம்ப நல்லவர், ரொம்ப நியாயஸ்தர். அந்த நியாயத்தால் எனக்கு வந்த தொல்லை கொஞ்சநஞ்சமில்லை. முதல் வருஷம், யார் எவ்வளவு உப்பு சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள, ஒரு நாள் முழுக்கப் போகிற சிறுநீரை ஒரு கேனில் பிடித்துத் தரச் சொன்னோம். ஏரிக்குப் போகும்போதும் கேன் கூடவே போக வேண்டும். வரதன் கேனைப் படகில் கொண்டுபோனார், பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு நாள் கழித்து ஆய்வகத்திலிருந்து போன் வந்தது. “மேடம், இந்த ஆள் உயிரோட இருக்காரா?” என்று கேட்டார்கள். மனித உடம்பிலிருந்து அவ்வளவு உப்பு வர முடியாதாம்.

போய்க் கேட்டேன். வரதன் தலையைச் சொறிந்தார். “படகு ஆடிச்சும்மா, பாதி கொட்டிக்கிச்சு. கொறச்சலா குடுத்தா உனக்கு நஷ்டமாச்சேனு ஏரித்தண்ணி ஊத்தி நெரப்பிட்டேன்” என்றார். சபேசன் சார் அன்று என்னைத் ‘தாங்கள்’ என்று அழைத்தார். நான் வரதனைத் திட்டத்தான் நினைத்தேன், அவர் முகத்தைப் பார்த்ததும் திட்டு வரவில்லை.

பெரிய ஆய்வு அதற்கப்புறம் வந்தது. இரத்தக் கொதிப்பு இருப்பவர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கிற மாத்திரை நல்லதா, பல மருந்தை ஒன்றாகச் சேர்த்த புது மாத்திரை நல்லதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஒன்று நீல டப்பா, ஒன்று வெள்ளை டப்பா. எதில் எது என்று எனக்கும் தெரியாது, சபேசன் சாருக்கும் தெரியாது. யாருக்கு எந்த டப்பா என்பதைச் சீட்டு முடிவு செய்யும். சீட்டில் விழுந்த டப்பாவைத்தான் கடைசிவரை சாப்பிட வேண்டும். இதைக் குப்பத்து ஜனங்களிடம் விளக்கி, அவர்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

இந்த விளக்கத்துக்காக சபேசன் சார் ஒரு வாரம் ‘பாடு’ பற்றிப் படித்துக்கொண்டு வந்திருந்தார். பாடு என்றால் இதுதான்: ஏரியில் எல்லா இடத்திலும் இறால் ஒரே மாதிரி படாது. கடல் தண்ணீர் உள்ளே வருகிற முகத்துவாரத்துப் பக்கம் நிறைய படும், தள்ளிப் போகப் போகக் குறையும். அதனால் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். அது அவர்களுக்குச் சாமி காரியம் மாதிரி. அதில் ஒருவன் குழப்பம் பண்ணினால் அப்புறம் ஊரில் அவனுக்குத் தண்ணீர்கூடக் கிடைக்காது.

ஊரார் உட்கார்ந்து வலை பின்னுகிற வலைக்கூடத்தில் கூட்டம். ஊர்த் தலைவர் பெருமாள் முன்னால் உட்கார்ந்திருந்தார். நீலம் வெள்ளை என்று சொன்னதும் ஜனம் முனகத் தொடங்கியது. எனக்கு எதுக்கு அது, அவனுக்கு எதுக்கு இது என்று ஆளாளுக்குப் பேச்சு. சபேசன் சார் எழுந்தார். “பெரியவங்களே, இது உங்க பாடு மாதிரிதான். சீட்டு விழுந்தபடி வலை போடுறீங்க இல்லையா? அதே மாதிரி சீட்டு விழுந்தபடி டப்பா” என்றார்.

முனகல் நின்றது.

“பாடு மாரியா?” என்று பெருமாள் கேட்டார்.

“அச்சு அசல் பாடு.”

“அத்த மொதல்லயே சொல்றதில்ல? பாடுன்னா எங்களுக்குத் தெரியாததா? அப்ப நாங்க ஒழுங்கா நடத்திக்கிறோம், நீங்க ஒண்ணியும் கவலப்படாதீங்க சார்” என்றார் பெருமாள். வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள். திரும்பிப் போகையில் சபேசன் சார் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. “ஜனங்களோட பாஷையில பேசணும் கோமளா, அதான் ரகசியம்” என்று பொன்னேரி வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். வழியில் ஜீப்பை நிறுத்தி நுங்குகூட வாங்கிக் கொடுத்தார்.

ஆரம்பத்தில் எல்லாம் அழகாகப் போயிற்று. மாதத்துக்கு ஒருமுறை போவேன், அழுத்தம் பார்ப்பேன், பேர் எழுதிய டப்பாவை அவரவர் கையில் கொடுப்பேன். ஒருவரும் டப்பாவைத் தொலைக்கவில்லை, ஒரு மாத்திரைகூட மிச்சம் வரவில்லை. மற்ற ஊர்களில் பாதி மாத்திரை திரும்பி வரும். இந்தக் குப்பத்தைப் பார்த்து நான் பூரித்துப்போனேன்.

அளவுகள்தான் கூத்தடித்தன. ஒரு மாதம் நீல டப்பாக்காரர்களுக்கெல்லாம் அழுத்தம் இறங்கும், வெள்ளை டப்பாக்காரர்களுக்கு ஏறும். அடுத்த மாதம் நீலம் ஏறும், வெள்ளை இறங்கும். அதற்கு அடுத்த மாதம் மறுபடி பழையபடி. ஒருவருக்கு இருவருக்கு என்றால் ஏதோ உடம்பு என்று விடலாம். ஊரே கூடிக் கும்மியடிக்கிற மாதிரி ஏறி இறங்கியது.

ஒரு நாள் சபேசன் சார் அறைக்குக் கூப்பிட்டார்.

“தாங்கள் உட்காருங்கள்” என்றார்.

தலைமை அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவர்கள் இந்தக் குப்பத்து அளவுகளைப் பார்த்துவிட்டு, இத்தனை உடம்பு ஒரே தாளத்துக்கு ஆட முடியாது, யாரோ வீட்டில் உட்கார்ந்து மனசுக்குத் தோன்றியதை எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார்களாம். நேரில் சோதிக்க ஓர் அதிகாரி வரப்போகிறார். பொய் என்று முடிவானால் என் வேலை போகும். அதோடு விடாது, அதுவரை நான் எடுத்த அளவு எல்லாவற்றையும் குப்பையில் போடுவார்கள்.

“தாங்கள் நேரில் போய்த்தான் அளவெடுக்கிறீர்களா?” என்று கேட்டார்.

உடம்பெல்லாம் எரிந்தது எனக்கு. வெயிலில் மணலில் நடந்து நடந்து கால் தேய்ந்தவள் நான். பூஜ்யத்து மேல் ஆசைப்படக் கூடாது என்று காதைத் தீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். என்னைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி. “சார், வேலய வேணும்னா எடுத்துக்கோங்க. பொய் எழுதினேன்னு மட்டும் சொல்லாதீங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் வழியெல்லாம் அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாள் யார் போய்ச் சேர்ந்தார்கள் என்று விசாரித்தாள்.

மறுநாள் என் காதின் மேலேயே சந்தேகம் வந்தது. காது டாக்டரிடம் போய்க் காட்டினேன். அழுக்கு மட்டும்தான் இருக்கிறது, எடுத்துவிடலாம் என்று சொல்லி எடுத்துவிட்டார். அப்புறம் குப்பத்துக்குப் போய் எல்லாரையும் நிற்க வைத்துக் கத்தினேன். “மாத்திரைய ஒழுங்கா போடுறீங்களா, இல்ல டபாய்க்கிறீங்களா?” என்று கேட்டேன். எல்லாரும் ஒரே குரலில் ஒரு நாளும் தவறவில்லை என்றார்கள். எல்லம்மா கற்பூரத்தை ஏற்றி அணைக்கிறேன் என்று வீட்டுக்குள் ஓடினாள். பொய் சொல்கிற முகம் ஒன்றுகூட இல்லை. எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

அப்படிக் கத்திவிட்டு வலைக்கூடத்து நிழலில் உட்கார்ந்திருந்தபோதுதான் ஏரிக்கரையிலிருந்து கூச்சல் கேட்டது. நாலு பேர் வரதனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முழங்கால் தண்ணீரில் நின்று கழியில் வலையைக் கட்டிக்கொண்டிருந்தவர், குனிந்து நிமிர்ந்ததும் கண் இருட்டி முகம்குப்புற விழுந்திருக்கிறார். மூக்கு, வாய், காது எல்லாம் சேறு. எல்லம்மா வாயைத் திறந்தாள், சத்தமே வரவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு நிஜமாகப் பயம் வந்தது.

மணலில் படுக்க வைத்தேன். பட்டையைச் சுற்றினேன். மேல் அளவு எண்பத்தி நாலு. இந்த மனுஷனுக்குப் போன மாதம்கூட அதைப் போல இரண்டு மடங்கு இருந்தது. சபேசன் சாருக்கு போன் போட்டேன். முந்தின நாள் கோபமெல்லாம் எனக்கு மறந்துவிட்டது, அவருக்கும் மறந்துவிட்டது.

“கோமளா, தலையணை வேணாம். காலத் தூக்கி வைங்க. ஈசிஜி எடுத்து போட்டோ அனுப்புங்க. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சா? நெஞ்சு வலிக்குதான்னு கேளுங்க, நீங்களா வலிக்குதுன்னு சொல்லிக் குடுக்காதீங்க.”

சுருட்டி வைத்த வலை மேல் காலைத் தூக்கி வைத்தோம். சின்ன ஈசிஜி பெட்டி பையில் இருந்தது. ஆனால் நெஞ்சில் சேறும் ஈரமும் ரோமமும். குமிழ்களை வைத்தால் வழுக்கிக்கொண்டு போகிறது. எல்லம்மா முந்தானையால் துடைத்துத் துடைத்துக் கொடுத்தாள், நான் ஒவ்வொன்றாக ஒட்டினேன். சுற்றி நின்றவர்கள் ஆளாளுக்கு ‘காத்த உடு, காத்த உடு’ என்று கத்திக்கொண்டு இன்னும் நெருக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு வழியாகக் கோடு வந்தது. போட்டோ எடுத்து அனுப்பினேன். சபேசன் சார் அதைப் பார்த்துவிட்டுப் பேசினார்.

“மாரடைப்பு இல்ல கோமளா. அழுத்தம் ரொம்ப விழுந்திருக்கு. காலையில இருந்து என்ன மருந்து போட்டார்னு கேளுங்க” என்றார்.

அதற்குள் வரதனுக்குக் கண் தெளிந்துவிட்டது. “வரதண்ணே, இன்னைக்கு எத்தினி மாத்திரை போட்டீங்க?” என்று கேட்டேன்.

“ரெண்டு.”

“ஒண்ணுதான போடச் சொன்னேன்?”

“என் பாடு ஒண்ணும்மா. மச்சான் மாரியோட பாடு ஒண்ணு. அவன் எண்ணூருக்கு வேலைக்குப் பூட்டான். ஆளு இல்லன்னு பாடு சும்மா போவலாமா?”

“எந்தப் பாடு?”

இதற்கு எல்லம்மாதான் பதில் சொன்னாள். புருஷன் பேசிவிட்டார் என்றதும் அவளுக்கும் வாய் திரும்பிவிட்டது. “இன்னாம்மா ஒண்ணும் தெரியாத மாரி கேக்குற? மாத்திரைப் பாடுதான். மாசாமாசம் நீ டப்பா குடுத்துட்டுப் போனதும் தலைவரு ஊரக் கூட்டி முறை சொல்வாரில்ல? இந்த மாசம் அவனவன் டப்பா அவனவனுக்கு. அடுத்த மாசம் நீலம் வெள்ளைக்கு, வெள்ளை நீலத்துக்கு. நல்ல எடம் ஒருத்தனுக்கே நிக்கக் கூடாதுல்ல? உங்க டாக்டருதான அச்சு அசல் பாடுன்னு சொன்னாரு?”

நான் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எதிரில் ஒரு மனுஷன் காலைத் தூக்கிக்கொண்டு படுத்திருக்கிறான், எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். நான் பொய் எழுதவில்லை! ஊரே ஏறி இறங்கியதும் நிஜம், நான் எழுதியதும் நிஜம். அடுத்த நிமிஷம் கோபம் வந்தது. பாடு என்றால் இவர்களுக்குச் சீட்டு பாதிதான், இடம் மாறி மாறி வருவதுதான் மீதிப் பாதி. ஆள் ஊரில் இல்லாவிட்டால் அவன் பேருக்கு மச்சானோ பங்காளியோ வலை போட வேண்டும் என்பதும் அதில் சேர்த்தி. சபேசன் சார் ஒரு வாரம் படித்ததில் சீட்டு வரைக்கும்தான் வந்திருந்தார்.

போன் இன்னும் வெட்டுப்படாமல் இருந்தது. எல்லம்மா பேசினால் போனே தேவையில்லை, அவர் முழுவதும் கேட்டுவிட்டார்.

“கோமளா,” என்றார். “நான்தான் கெடுத்தேன்.”

வரதனை ஆம்புலன்ஸில் கொண்டுபோய் சலைன் ஏற்றிப் படுக்க வைத்தார்கள். மறுநாளே எழுந்து உட்கார்ந்து மீன் குழம்பு கேட்டார். அவர் வீடு திரும்பியதும் சபேசன் சார் குப்பத்துக்கு வந்தார். மறுபடி வலைக்கூடம், மறுபடி பெருமாள்.

“டப்பா மாத்தக் கூடாதுங்க” என்றார் சார்.

“ஒருத்தனுக்கே எப்பவும் நல்ல மாத்திரை, இன்னொருத்தனுக்கு எப்பவும் சோட மாத்திரைன்னா இன்னா ஞாயம் சார் அது?”

“எது நல்லதுன்னு எங்களுக்கே தெரியாதுங்களே.”

“தெரியாதப்பதான மாத்திக்கணும்!”

கூட்டம் ‘அதானே’ என்றது. சார் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். சண்டை போட்டால் ஜெயித்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. “ஞாயமில்லதான். ஆனா யாருக்கும் ஆபத்தில்லாம பாத்துக்க வேண்டியது என் பொறுப்பு. பாடுன்னு சொன்னது என் தப்பு. இது பாடு இல்ல. வேணாம்னு இப்பவே விட்டுட்டாலும் சரி, மாத்திரை இல்லாம விடமாட்டேன், வழக்கமான வைத்தியம் நடக்கும்” என்றார். முதல் முறையாக அவர் ‘தாங்கள்’ இல்லாமல் ஒரு கஷ்டமான விஷயத்தைப் பேசிக் கேட்டேன்.

முடித்து வைத்தது வரதன். கம்பளியைப் போர்த்திக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தவர் எழுந்தார். “சேத்துல மூக்க உட்டுப் பாத்தவன் சொல்றேன். அவனவன் டப்பா அவனவனுக்கே இருக்கட்டும்” என்றார். ஒத்துக்கொண்டார்கள். ஆள் இல்லாவிட்டால் மாத்திரை சும்மா போகட்டும் என்பதற்குத்தான் பெருமாள் ரொம்ப நேரம் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். சும்மா விடுவது அவ்வளவு அநியாயமாகப் பட்டது அவருக்கு. மாற்றிச் சாப்பிட்ட மாதங்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவதாக சார் மேலே எழுதினார், பழி என் மேல் இல்லை என்றும் எழுதினார்.

ஆனாலும் சோதனை அதிகாரி வந்தே தீருவேன் என்றார். கதை நன்றாகத்தான் இருக்கிறது, அந்த அம்மாள் காது எப்படி என்று நான் பார்க்க வேண்டும் என்றாராம். அவரிடம் இரட்டைக் குழாய் ஒன்று உண்டு. ஒரே பட்டை, ஒரே பாதரசம். ஆனால் சத்தம் இரண்டு பேர் காதுக்கும் போகும். அவர் கேட்டதை அவர் எழுதுவார், நான் கேட்டதை நான் எழுத வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் நான் பிழைத்தேன். ஒத்துப்போகாவிட்டால் சபேசன் சார் எழுதியதெல்லாம் எனக்காகக் கட்டின கதை என்று ஆகிவிடும்.

நானோ அந்தக் குப்பத்து இரைச்சலில், பாதரசம் துள்ளுவதைப் பார்த்துக்கொண்டு பாதி, காதால் பாதி என்று அளவெடுத்துப் பழகியவள். பக்கத்தில் ஒருவர் எழுதுகிறார் என்ற நடுக்கத்தில் அந்தச் சத்தம் எங்கே கேட்கப்போகிறது? எல்லம்மாவிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். “நாளைக்கு நீ பேசினா என் வேல பூடும். அப்பால உன் இஷ்டம்.”

“இன்னாத்துக்கு அழுவுற? போ, போய் வூட்ல தூங்கு” என்றாள்.

மறுநாள் அதிகாரியோடு ஜீப்பில் போய் இறங்கினேன். ஏதோ சரியில்லை என்று தோன்றியது. என்ன என்று புரியக் கொஞ்ச நேரமாயிற்று. சத்தமே இல்லை. மோட்டார் படகு எல்லாம் கரையில் இழுத்துப் போட்டிருந்தது. கோயில் ஒலிபெருக்கி வாய்மேல் ஒரு துணி. ஐஸ் உடைக்கிறவன் சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். வலைக்கூடத்துக்குள்ளே பெருமாள், தலைப்பாகையைக் கழற்றிவிட்டு, முதுகு சாய்ந்து, இரண்டு பாதமும் தரையில் பட, கையை இதயத்தின் மட்டத்துக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பின்னால் வரிசையாக மற்றவர்கள். அளவெடுக்க வேண்டியவர்கள் மட்டும் இல்லை. ஆய்வுக்கே சம்பந்தமில்லாதவர்கள்கூட வெளியே கவிழ்த்த படகுகள் மேல் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். எல்லம்மா முந்தானையைப் பந்தாகச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி பெருமாளைப் பார்த்து, “உங்க பேர் என்னங்க?” என்றார்.

பதில் இல்லை.

“பேருங்க?”

பெருமாள் கண்ணை உருட்டிச் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைக் காட்டினார். இன்னும் ஐந்து நிமிஷம் ஆகவில்லை.

அதிகாரி என் பக்கம் குனிந்து, “இவங்க பேசவே மாட்டாங்களா?” என்று கிசுகிசுத்தார். என்ன சொல்வது? ஆமாம் சார், ரொம்ப அமைதியான ஜனம் என்றேன்.

குழாயை மாட்டிக்கொண்டோம். பாதரசம் இறங்கியது. ‘டப்’ என்று முதல் சத்தம் அவ்வளவு தெளிவாகக் கேட்டது. அந்த ஊரில் நான் வேலை பார்த்த வருஷத்திலெல்லாம் அதை அப்படிக் கேட்டதில்லை. அவர் எழுதினார், நான் எழுதினேன். பெருமாளுக்கு ஒத்துப்போயிற்று. வரதனுக்கு ஒத்துப்போயிற்று. ஒருவருக்கு இரண்டு எண் தள்ளிப்போயிற்று, அது பரவாயில்லை என்று அவரே சொன்னார். கடைசியில் எல்லம்மா வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு வருஷக்கணக்காக நூற்று அறுபதுக்குக் கீழே நான் பார்த்ததில்லை. அன்று நூற்று இருபத்தெட்டு. இருவரும் அதையே எழுதியிருந்தோம். இவ்வளவு நாளும் அவளுக்கு ஏறியிருந்ததில் பாதி, வாயாலே ஏறினது.

அதிகாரி பையை மூடினார். “காதுக்கு ஒரு குறையும் இல்லம்மா. அளவெல்லாம் சரியா இருக்கு” என்றார்.

எல்லம்மா முந்தானையை வாயிலிருந்து பிடுங்கினாள். அப்புறம் கேட்க வேண்டுமா? அடக்கி வைத்த அத்தனையும் ஒரே நேரத்தில் வெடித்துக்கொண்டு வந்தது. மோட்டாரை ஒருவன் கிளப்பினான், ஒலிபெருக்கி அலறியது, பெருமாள் அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டு தன் பேர், தகப்பன் பேர், தாத்தா பேர் எல்லாம் சொல்லத் தொடங்கினார். ஜீப் கிளம்பும்வரை அந்த மனுஷன் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்.

நான் மட்டும் வலைக்கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நன்றி என்று சொல்ல வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் போலிருந்தது.

“இன்னாம்மா, ஊரே பேசுது, நீ இன்னாத்துக்கு வாய மூடிக்கினு நிக்குற?” என்றார் வரதன்.

எல்லம்மா வந்து என் தோளை அழுத்தி நாற்காலியில் உட்கார வைத்தாள். “சாஞ்சு குந்து. ரெண்டு காலையும் கீழ வையி. பேசாத” என்று என் கையில் பட்டையைச் சுற்றினாள். குழாயைத் தன் காதில் மாட்டிக்கொண்டு காற்றடித்தாள். பாதரசம் தொப்பென்று விழுந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

“எவ்ளோடி?” என்று நாலு பேர் கேட்டார்கள்.

அவளுக்கு எண்ணெல்லாம் தெரியாது. குழாயின் முனையை என் நெஞ்சில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

“ஓடுதுடி” என்றாள். “நல்லா ஓடுது.”